42 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தவர்

ஹாரி ஹாப்கின்சின் வாழ்க்கை

1933-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ஒரு பழைய கட்டிடம். அதன் தாழ்வாரத்தில் ஒரு மேஜை கிடந்தது. அதை இன்னும் அறைக்குள் கொண்டுபோய்ப் போடவில்லை.

ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். மேஜையை உள்ளே கொண்டுபோகும் வரை அவர் காத்திருக்கவில்லை. தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து தந்திகளை எழுதத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் பல மாகாணங்களுக்கு ஒதுக்கிவிட்டார்!

பத்திரிகைகள் பதறின. இந்த வேகத்தில் போனால் சர்க்கார் கொடுத்த 50 கோடி டாலர் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று தலைநகரின் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது.

அந்த மனிதர்தான் ஹாரி ஹாப்கின்ஸ். அப்போது அவருக்கு வயது 42.

இரண்டாவது உலகப் போரின்போது ஜனாதிபதி ரூஸ்வெல்டின் தூதராகப் போய், சர்ச்சிலையும் ஸ்டாலினையும் சந்தித்தவர் இவர். உலகம் இவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதற்காகத்தான். ஆனால் அதற்கு முன்பே இவர் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார். வேலை இல்லாதவர்களுக்கு சர்க்காரே வேலை கொடுக்க முடியுமா, கொடுத்தால் பலன் உண்டா என்பதை, ஒரு நாடு முழுவதையும் களமாக வைத்துச் சோதித்துப் பார்த்தவர் இவர். அந்தச் சோதனை வெற்றியா, தோல்வியா என்ற வழக்கு அவர் இறந்த பிறகும் நெடுங்காலம் நடந்தது.

சேணம் தைப்பவரின் மகன்

ஹாப்கின்ஸ் 1890-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஐயோவா மாகாணத்தில் உள்ள சூ சிட்டி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் குதிரைகளுக்குச் சேணம் தைத்து விற்பவர். ஊர் ஊராக மாறி, கடைசியில் கிரின்னல் என்ற சிறு ஊரில் கடை வைத்தார். மோட்டார் வண்டி பெருகி வந்த காலம். சேணக் கடையில் எவ்வளவு வருமானம் வரும் என்பதைச் சொல்லவேண்டியது இல்லை.

தாயார் கனடா நாட்டில் பிறந்தவர். தெய்வ பக்தி மிகுந்தவர். பிறருக்கு உதவி செய்வது கடமை என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார். ஹாரியின் அக்காள் ஏடா, சமூக சேவையில் இறங்கினார்.

ஹாரி, உள்ளூர் கல்லூரியிலேயே படித்து 1912-ல் பட்டம் பெற்றார். உடனே நியூயார்க் நகரத்துக்குப் போனார். ஏழைகள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்த கிழக்குப் பகுதியில், கிறிஸ்டோடோரா இல்லம் என்ற சேவை நிலையத்தில் சேர்ந்தார். நாட்டுப்புறத்தில் வளர்ந்த பையன், அங்கேதான் முதன்முதலாகப் பட்டணத்து வறுமையைப் பார்த்தார். அங்கே பணியாற்றிய எதல் கிராஸ் என்ற பெண்ணை 1913-ல் மணந்துகொண்டார். எதல், ஹங்கேரி நாட்டில் இருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண்.

மிருகக்காட்சி சாலையில் வேலை

பிறகு ஹாப்கின்ஸ் ஏழைகளுக்கு உதவும் பெரிய தரும சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சங்கம் நடத்திய வேலை தேடித்தரும் அலுவலகத்தைக் கவனித்தார். 1914-ம் ஆண்டு கடைசியில் நியூயார்க்கில் வேலை இல்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. வேலை தேடித்தரும் அலுவலகம் இருந்து என்ன பயன்? தேடித்தர வேலை இருந்தால் அல்லவா?

ஹாப்கின்சும், அவருடன் பணியாற்றிய வில்லியம் மேத்யூசும் ஒரு யோசனை செய்தார்கள். சங்கத்திடம் பணம் இருக்கிறது. பிராங்ஸ் பகுதியில் உள்ள மிருகக்காட்சி சாலையில் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் அதற்குக் கூலி கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. ஆகையால், வேலை இல்லாதவர்களை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்புவது, கூலியைச் சங்கம் கொடுப்பது என்று 1915-ல் ஏற்பாடு செய்தார்கள்.

சிறிய காரியம்தான். என்றாலும், சும்மா கொடுக்கும் பணத்தை வாங்கும்போது தலை குனியும் மனிதன், அதே பணத்தைக் கூலியாக வாங்கும்போது நிமிர்ந்து நிற்கிறான் என்பதை ஹாப்கின்ஸ் நேரில் பார்த்தார். அவர் பின்னால் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்து இதுதான்.

அப்புறம் விதவைத் தாய்மார்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் நகர சபைக் குழுவில் காரியதரிசியானார். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகத் தெற்கு மாகாணங்களில் வேலை செய்தார். 1924-ல் நியூயார்க் க்ஷயரோக சங்கத்தின் தலைமை உத்தியோகஸ்தர் ஆனார். சங்கம் வளர்ந்தது. கையிருப்பு கரைந்தது! பணத்தைப் பூட்டிவைப்பது என்பது ஹாப்கின்சுக்குத் தெரியாத வித்தை.

வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள்

1929-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. பங்கு மார்க்கெட் விழுந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. பாங்கிகள் முறிந்தன. 1933-ல் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேருக்கு வேலை இல்லை. உழைக்கத் தகுந்த நாலு பேரில் ஒருவர் வீதியில் நின்றார்.

அப்போது நியூயார்க் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1931-ல் அவர் மாகாண நிவாரண இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். மாகாண சர்க்கார் இப்படி ஓர் இலாகா அமைத்தது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. ஹாப்கின்ஸ் அதன் நிர்வாக அதிகாரி ஆனார். மறு வருஷமே தலைவரானார். 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி பதவி ஏற்றார். சில வாரங்களில் ஹாப்கின்சையும் வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார்.

மத்திய அவசர நிவாரண இலாகா அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 50 கோடி டாலரில் ஒரு பாதிக்கு நிபந்தனை உண்டு. மாகாணமும் ஊரும் 3 டாலர் செலவழித்தால், மத்திய சர்க்கார் 1 டாலர் கொடுக்கும். மறு பாதியை ஹாப்கின்ஸ் தம் விருப்பம்போல் கொடுக்கலாம்.

நிவாரணம் எப்படி நடந்தது? உதவி கேட்டவர் வீட்டுக்கு விசாரணை செய்பவர் வருவார். அலமாரியைத் திறந்து பார்ப்பார். விற்கக்கூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா, உதவக்கூடிய உறவினர் இருக்கிறார்களா என்று கேட்பார். பிறகு பல இடங்களில் ரொக்கம் கொடுக்கமாட்டார்கள். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். எந்தச் சாமான் வாங்கலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

நேற்று வரை உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவனை இப்படிக் கூனிக் குறுகவைப்பது ஹாப்கின்சுக்குப் பிடிக்கவில்லை. சீட்டு வேண்டாம், ரொக்கம் கொடுங்கள் என்றார். ரொக்கமும் சும்மா வேண்டாம், வேலை கொடுத்துக் கூலியாகக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஊர் ஊராகப் போன பெண் நிருபர்

ஹாப்கின்சிடம் மற்ற நிர்வாகிகளிடம் காணாத ஒரு வழக்கம் இருந்தது. தம் இலாகாவைத் தாமே வேவு பார்த்தார்!

லொரீனா ஹிக்காக் என்ற பெண், பெயர் பெற்ற பத்திரிகை நிருபர். ஹாப்கின்ஸ் அவரை 1933-ல் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். புள்ளிவிவரம் வேண்டாம், கண்ணால் பார்த்ததை மூடி மறைக்காமல் எழுதவேண்டும் என்பதே கட்டளை. ஹிக்காக் சுரங்க ஊர்களுக்கும், வறண்டுபோன பண்ணைகளுக்கும், மூடிய ஆலைகளைச் சுற்றியிருந்த சேரிகளுக்கும் போனார். நிவாரணம் போய்ச் சேராத இடம், உள்ளூர் அதிகாரி திமிராக நடந்த இடம் எல்லாவற்றையும் எழுதினார். பின்னால் மார்த்தா கெல்ஹார்ன் முதலிய எழுத்தாளர்களையும் இப்படி அனுப்பினார்.

புள்ளிவிவரத்தை அவர் வெறுத்தார் என்று நினைக்கக்கூடாது. காரிங்டன் கில் என்ற நிபுணர் தலைமையில் அதற்கு ஒரு பெரிய பிரிவே இயங்கியது. எந்தத் தொழில் தெரிந்தவர்கள் நிவாரணத்தில் இருக்கிறார்கள், எத்தனை நாளாக வேலை இல்லை என்று ஊர் ஊராகக் கணக்கு எடுத்தார்கள். ஒரு திட்டத்தை நடத்தும்போதே அதன் பலனை அளந்து பார்ப்பது என்பது அந்தக் காலத்தில் புதுமை.

இரண்டே மாதத்தில்

1933-ம் ஆண்டு குளிர்காலம் நெருங்கியது. வேலை தருவதாகச் சொன்ன மற்றொரு பெரிய திட்டம், உள்நாட்டு மந்திரி ஹெரால்டு இக்கிஸ் கையில் இருந்தது. அணைகள், பாலங்கள் என்று பெரிய வேலைகள். இக்கிஸ் மிகவும் ஜாக்கிரதையானவர். ஒவ்வொரு வரைபடத்தையும் காகிதத்தையும் தாமே பார்ப்பார். ஒரு காசுகூட வீணாகவில்லை. வேலைதான் தொடங்கவில்லை!

ஹாப்கின்ஸ் ரூஸ்வெல்டிடம் போனார். 40 லட்சம் பேருக்கு உடனே வேலை கொடுக்கலாம் என்றார். தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் என்ற பயம் இருந்தது. அமெரிக்கத் தொழிலாளர் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் 1898-லேயே இதைப் போன்ற யோசனையைச் சொல்லியிருந்தார் என்பதை ஹாப்கின்சின் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். பயம் தீர்ந்தது. இக்கிசின் திட்டத்தில் இருந்து 40 கோடி டாலர் எடுத்துக் கொடுத்தார், ரூஸ்வெல்ட்.

நவம்பர் முதல் பாதியில் "சிவில் வேலை இலாகா" பிறந்தது. பாதிப் பேரை நிவாரணப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். மறு பாதி, வேலை இல்லாத யாராக இருந்தாலும் சரி. அலமாரியைத் திறந்து பார்க்கும் வேலை இங்கே இல்லை.

அந்த மாதக் கடைசிக்குள் சுமார் 8 லட்சம் பேர் முதல் கூலியை வாங்கினார்கள். செக்குகளை அச்சடித்து அனுப்பப் போதுமான ஆட்கள் ஹாப்கின்சிடம் இல்லை. முன்னாள் போர்வீரர் இலாகாவின் அலுவலகங்களை அதற்குப் பயன்படுத்தினார். 1934 ஜனவரி நடுவில் 42 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள்.

சூ சிட்டியில் வேலை தொடங்கியபோது ஹிக்காக் அங்கே இருந்தார். மண்வெட்டி போதவில்லை. இருந்த மண்வெட்டிகளுக்காக ஆட்கள் கைகலந்தார்கள் என்று எழுதி அனுப்பினார். சும்மா பணம் கிடைத்தால் எவன் வேலை செய்வான் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஹாப்கின்ஸ் பிறந்த ஊரே பதில் சொன்னதுபோல் ஆயிற்று.

ராணுவம் இதைக் கவனித்தது. ஜான் லீ என்ற என்ஜினீயர் அதிகாரியை அனுப்பி, இந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஆராயச் சொன்னது. முதல் உலகப் போரில் ஒன்றரை வருஷத்தில் படையில் சேர்க்கப்பட்ட அளவுக்கு, ஹாப்கின்ஸ் இரண்டே மாதத்தில் ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிட்டார் என்று லீ அறிக்கை கொடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் சுமார் 2 லட்சத்து 55 ஆயிரம் மைல் ரோடு போடப்பட்டது, அல்லது பழுது பார்க்கப்பட்டது. சுமார் 40 ஆயிரம் பள்ளிக்கூடங்கள் சீராயின. சம்பளம் இல்லாமல் நின்றுபோன 50 ஆயிரம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடைத்தது.

குறை இல்லையா? இருந்தது. அவசரத்தில் தொடங்கிய வேலைகளில் உருப்படாதவையும் உண்டு. உள்ளூர் அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை நுழைத்தார்கள். தெற்கு மாகாணங்களில் பண்ணைச் சொந்தக்காரர்கள் வேறு விதமாக ஆத்திரப்பட்டார்கள். நீக்ரோ தொழிலாளிக்கு சர்க்கார் இவ்வளவு கூலி கொடுத்தால், பண்ணையில் அற்பக் கூலிக்கு யார் வருவார்கள் என்பது அவர்கள் கோபம். ஜார்ஜியா கவர்னர் டால்மேஜ் இதை வைத்தே சண்டைக்கு வந்தார். ஹாப்கின்ஸ் மசியவில்லை. பின்னால் அந்த மாகாணத்தின் நிவாரண நிர்வாகத்தையே மத்திய சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆனால் செலவு மாதம் சுமார் 20 கோடி டாலர். ரூஸ்வெல்ட் பயந்தார். வேலை கொடுப்பது நிரந்தரப் பழக்கமாகிவிடும் என்று நினைத்தார். 1934 மார்ச் கடைசியில் இலாகா மூடப்பட்டது. ஹாப்கின்ஸ் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

மண்வெட்டி மேல் சாய்ந்தவர்கள்

1935-ல் ரூஸ்வெல்ட் மறுபடியும் மனம் மாறினார். சும்மா கொடுக்கும் நிவாரணத்தை மாகாணங்களிடம் விட்டுவிட்டு, உழைக்கக்கூடியவர்களுக்கு மத்திய சர்க்கார் வேலை கொடுப்பது என்று முடிவு செய்தார். அமெரிக்க பார்லிமெண்டு 488 கோடி டாலர் ஒதுக்கியது. மே மாதத்தில் டபிள்யூ.பி.ஏ. என்ற மூன்று எழுத்தால் உலகம் அறிந்த வேலைத்திட்ட இலாகா பிறந்தது. தலைவர், ஹாப்கின்ஸ்.

இக்கிசுக்கும் ஹாப்கின்சுக்கும் அப்போதே போட்டி முற்றியது. இக்கிசின் திட்டத்தில் பெரும் பணம் சிமெண்டுக்கும் இரும்புக்கும் போயிற்று. ஹாப்கின்ஸ் திட்டத்தில் பெரும் பணம் கூலிக்குப் போயிற்று. 25 ஆயிரம் டாலருக்குக் குறைவான வேலை ஹாப்கின்சுக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஹாப்கின்ஸ் பெரிய வேலைகளையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று இக்கிஸ் பொருமினார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு!

இந்தத் திட்டத்தில் மறுபடியும் வீட்டு விசாரணை வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் வேலை. மாதச் சம்பளம் இடத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப 19 டாலரில் இருந்து 94 டாலர் வரை. நிவாரணப் பணத்தைவிட அதிகம். தனியார் சம்பளத்தைவிடக் குறைவு. வெளியே வேலை கிடைத்தால் ஆள் போய்விடவேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

ரோடு, பாலம், பள்ளிக்கூடம் மட்டும் அல்ல. பெண்கள் தையல் கூடங்களில் துணி தைத்தார்கள். எழுத்தாளர்கள் மாகாணத்துக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார்கள். நடிகர்கள் நாடகம் போட்டார்கள். ஓவியர்கள் பள்ளிக்கூடங்களில் சுவரில் சித்திரம் தீட்டினார்கள். ஓவியனுக்கும் வயிறு உண்டு என்பது, கேள்வி கேட்டவர்களுக்கு ஹாப்கின்ஸ் சொன்ன சமாதானம்.

எதிரிகளுக்குக் கேலி செய்ய விஷயம் கிடைத்தது. 1935 ஏப்ரலில் நியூயார்க் நகர சபை ஒரு விசாரணை நடத்தியது. நிவாரணப் பணத்தில், தோல்வார் பின்னுவது முதலிய கைவேலைகள் கற்பிக்கப்படுவதாக ஒரு சாட்சி சொன்னார். அதற்கு "பூன்டாகிள்" என்று ஒரு பெயரும் சொன்னார். அவ்வளவுதான். வெட்டி வேலைக்கு எல்லாம் அமெரிக்காவில் அதுவே பெயராகிவிட்டது. மண்வெட்டி மேல் சாய்ந்துகொண்டு நிற்கும் டபிள்யூ.பி.ஏ. ஆள், கார்ட்டூன்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனான்.

யார் கணக்கு சரி?

இங்கேதான் சிக்கல். இந்தத் திட்டத்தை எந்தப் படியால் அளப்பது?

கட்டிய கட்டிடத்தை வைத்து அளந்தால், சில வேலைகளை ஒரு காண்டிராக்டர் யந்திரத்தை வைத்துச் சீக்கிரம் முடித்திருப்பார். ஹாப்கின்ஸ் அதை மறுக்கவில்லை. சும்மா பணம் கொடுப்பதைவிட வேலை கொடுப்பது செலவு அதிகம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சாமான் வாங்கவேண்டும், மேஸ்திரி வேண்டும், என்ஜினீயர் வேண்டும். மனிதனுடைய தொழிலும் மானமும் துருப்பிடிக்காமல் இருக்க அந்த அதிகச் செலவு தகும் என்பது அவருடைய வாதம். ஆனால் துருப்பிடிக்காததை எந்தத் தராசில் நிறுப்பது?

மற்றொரு படி, எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போனார்கள் என்பது. 1937-ல் நிலைமை தேறியதுபோல் தெரிந்தது. ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார். டபிள்யூ.பி.ஏ.யில் இருந்தவர்கள் அந்த இலையுதிர் காலத்தில் சுமார் 15 லட்சமாகக் குறைந்தார்கள். உடனே மறுபடியும் வீழ்ச்சி! 1938 நவம்பரில் 33 லட்சம் பேருக்கு வேலை கொடுக்கவேண்டி வந்தது.

1937 கடைசியில், தபால்காரர்கள் மூலம் வீட்டுக்கு வீடு சீட்டு கொடுத்து, வேலை இல்லாதவர் கணக்கு எடுத்தார்கள். 78 லட்சம் பேர் எழுதி அனுப்பினார்கள். அதில் சுமார் 20 லட்சம் பேர் டபிள்யூ.பி.ஏ. முதலிய அவசர வேலைகளில் இருந்தவர்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போய், மாலையில் கையில் காய்ப்போடு வீடு திரும்பியவன், சர்க்கார் கணக்கில் வேலை இல்லாதவன்! இந்தக் கணக்கு வேடிக்கை பின்னால் பெரிய விவகாரம் ஆயிற்று.

1939-ல் பார்லிமெண்டு ஒரு கண்டிப்பு செய்தது. 18 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களை நிறுத்திவிடவேண்டும். தள்ளிவிட்டால் தானே வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்பது எண்ணம். 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நிறுத்தப்பட்டார்கள். 23 நகரங்களில் இவர்களைப் பின்தொடர்ந்து விசாரித்தார்கள். இரண்டு மூன்று மாதம் கழிந்த பிறகும், நூற்றுக்கு 13 பேருக்குக்கூடத் தனியார் வேலை கிடைக்கவில்லை. வேலைத்திட்டத்தைப் பற்றிய விசாரணைகளில் இதைப்போல் தெளிவான பதில் கொடுத்தது வேறு இல்லை. ஆனால் அந்தப் பதிலையும் இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாகப் படித்தன. வெளியே வேலை இல்லை என்று ஒரு கட்சி சொன்னது. திட்டத்தில் இருந்து இருந்து ஆட்கள் எதற்கும் உதவாமல் போய்விட்டார்கள் என்று மற்றக் கட்சி சொன்னது.

அதே வருஷம் காலப் என்ற பிரபல நிறுவனம் பொதுஜன அபிப்பிராயம் கேட்டது. ரூஸ்வெல்ட் ஆட்சியின் மிக நல்ல காரியம் எது? டபிள்யூ.பி.ஏ. மிக மோசமான காரியம் எது? அதற்கும் டபிள்யூ.பி.ஏ.!

அரசியல் புயல்

அரசியல் குற்றச்சாட்டுதான் ஹாப்கின்சை அதிகம் பாதித்தது. 1938 தேர்தலில் கென்டகி முதலிய இடங்களில் டபிள்யூ.பி.ஏ. தொழிலாளர்களிடம் வோட்டுக்கும் நன்கொடைக்கும் நெருக்கடி செய்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. செனட் சபைக் குழு விசாரித்தது. முறைகேடுகள் நடந்ததைக் கண்டது. அதன் பலனாக, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தேர்தல் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1939-ல் வந்தது. வரி போட்டு, செலவு செய்து, தேர்தலில் ஜெயிப்பதுதான் கொள்கை என்று ஹாப்கின்ஸ் பேசியதாகவும் ஒரு செய்தி பரவியது. அவர் அடியோடு மறுத்தார். ஆனாலும் அது அவரைச் சாகும்வரை விடவில்லை.

ஜனாதிபதி பதவிக்கு நிற்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ரூஸ்வெல்டும் கொஞ்ச காலம் அந்த ஆசைக்குத் தண்ணீர் ஊற்றினார். 1938 டிசம்பரில் அவரை வர்த்தக மந்திரியாக ஆக்கினார். அத்துடன் டபிள்யூ.பி.ஏ. பொறுப்பு கைமாறியது.

ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. முதல் மனைவியுடன் 1931-ல் மணவிலக்கு ஆகியிருந்தது. இரண்டாவது மனைவி பார்பரா, 1937 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். சின்னஞ்சிறு மகள் டயானா தாயில்லாப் பிள்ளை ஆனாள். இரண்டே மாதத்தில் ஹாப்கின்சுக்கும் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. மேயோ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து இரைப்பையின் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

1940 மே மாதம் 10-ந் தேதி வெள்ளை மாளிகைக்கு விருந்து சாப்பிட வந்தார். உடம்பு சரியில்லாமல் போகவே அன்று இரவு அங்கேயே தங்கினார். மூன்றரை வருஷம் தங்கிவிட்டார்! அந்த அறையில் இருந்தபடி நேச நாடுகளுக்கு ஆயுதம் அனுப்பும் பெரும் திட்டத்தைக் கவனித்தார். லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் பறந்தார். 1944 பிப்ரவரியில் அவருடைய மகன் ஸ்டீபன், பசிபிக் போரில் 18 வயதில் மாண்டான். போர்க் கதை தனிக் கதை. அதைச் சொல்ல இந்த ஏடு போதாது.

அந்தப் போர், பழைய வழக்கு ஒன்றை முடித்துவைத்தது. எதற்கும் உதவாதவர்கள் என்று சொல்லப்பட்ட டபிள்யூ.பி.ஏ. ஆட்களை விமானத் தொழிற்சாலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் அள்ளிக்கொண்டன. 1943 ஜூன் கடைசியில் இலாகா மூடப்பட்டது. 8 வருஷத்தில் அதில் சுமார் 85 லட்சம் பேர் வேலை செய்திருந்தார்கள். 6 லட்சத்து 50 ஆயிரம் மைல் ரோடு, 75 ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்கள், சுமார் 8 ஆயிரம் பூங்காக்கள் என்று கணக்கு நீள்கிறது. மொத்தச் செலவு 1,000 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் கையில் புரண்ட ஹாப்கின்ஸ், ஒரு காசைத் தமக்கு எடுத்துக்கொண்டார் என்று எந்த எதிரியும் நிரூபித்தது இல்லை.

இறந்த பிறகும் விசாரணை

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். புதிய ஜனாதிபதி ட்ரூமனுக்காக ஹாப்கின்ஸ் மறுபடியும் மாஸ்கோ போய் ஸ்டாலினைச் சந்தித்துத் திரும்பினார். அதுவே கடைசிப் பயணம். 1946 ஜனவரி 29-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 55.

வழக்கு முடியவில்லை. 1976-ல் மைக்கேல் டார்பி என்ற பொருளாதார நிபுணர் பழைய கணக்குகளைப் புரட்டினார். நிவாரண வேலை செய்தவர்களை எல்லாம் வேலை இல்லாதவர்களாக எண்ணியிருப்பதை எடுத்துக்காட்டினார். 1936-ல் நூற்றுக்கு 17 பேருக்கு வேலை இல்லை என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. நிவாரண வேலையையும் வேலையாக எண்ணினால், 10 பேர்தான்! 1938-ல் 19 என்பது 12½ ஆயிற்று. ரூஸ்வெல்ட் ஆட்சி வேலையின்மையைத் தீர்க்கவில்லை என்று காட்டிய அதே புள்ளிவிவரம், ஹாப்கின்சின் ஆட்களை எந்தப் பக்கம் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறியது.

மறுபக்கமும் ஆராய்ச்சி வந்தது. 1940-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஆராய்ந்த ராபர்ட் மார்கோ, நிவாரண வேலையில் இருந்தவர்களில் பலர் அதிலேயே நெடுநாள் இருந்துவிட்டதைக் கண்டார். சம்பளம் குறைவுதான். ஆனால் நாளைக்கு உண்டா இல்லையா என்று தெரியாத தனியார் வேலையைவிட, கையில் இருக்கும் வேலையை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. இது மனித சுபாவம். இதை ஹாப்கின்சின் திட்டம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

2007-ல் பிரைஸ் பிஷ்பேக் முதலிய மூன்று நிபுணர்கள் வேறு ஒரு படியால் அளந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களின் மரணக் கணக்கை, அங்கே செலவான நிவாரணப் பணத்தோடு ஒப்பிட்டார்கள். பணம் அதிகம் போன இடங்களில் கைக்குழந்தைகள் சாவது குறைந்திருந்தது. தற்கொலையும் குறைந்திருந்தது.

ஹாப்கின்சின் அஸ்தி, சேணக்கடை இருந்த கிரின்னல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. நியூயார்க்கில் லகார்டியா விமான நிலையம் டபிள்யூ.பி.ஏ. ஆட்கள் கட்டியது. ஓரிகன் மாகாணத்தில் ஹூட் மலை மேல், வேலை இல்லாதிருந்த கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் கொல்லர்களும் சேர்ந்து டிம்பர்லைன் என்ற விடுதியைக் கட்டினார்கள். மேஜை, நாற்காலி, கதவின் இரும்புக் கைப்பிடி, ஜன்னல் திரை எல்லாமே கைவேலை. 1937 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் அதைத் திறந்துவைத்தார். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் இன்றும் அதில்தான் தங்குகிறார்கள்.